வலப்பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எங்கேயாவது முழங்காலை இடித்துக்கொள்ளாமல் போனதில்லை. தப்பு அவர்கள்மேல் இல்லை. வீட்டையே நான் ஒரு பக்கமாகக் கட்டி வைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் என் மகள் உட்காரும் இடத்துக்கு வலப்பக்கம் சுவர். தட்டு, தண்ணீர், திட்டு எல்லாம் அவளுக்கு இடப்பக்கத்திலிருந்துதான் வரும். அவள் படிக்கிற மேசைக்கு இழுப்பறை இடப்பக்கம். அவளோ வலது கைக்காரி. பேனா எடுக்க வேண்டுமென்றால் கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுப்பாள். கட்டில், அலமாரி, துண்டு மாட்டும் ஆணி எல்லாமே அந்தக் கணக்குதான். எல்லாம் என் கையால் செய்தவை. நான் தச்சு வேலை செய்கிறவன். வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை.

அவள் பிறந்த இரண்டாம் நாள் அவளுடைய சின்னக் கை வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் ஓரிடத்தில் அடைபட்டு, பின்மண்டையில் இடப்பக்கமாக ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்கள். ஒரு இளம் டாக்டர் தாளில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டிலும் வலது பாதியைப் பேனாவால் கிறுக்கிக் கறுப்பாக்கிக் காட்டினார். இடது மூளைதான் வலப்பக்கத்தைப் பார்க்கும், அதனால் எந்தக் கண்ணால் பார்த்தாலும் இவளுக்கு வலப்பக்கம் தெரியாது, மற்றபடி பிள்ளை நன்றாக இருப்பாள் என்றார். நல்ல மனிதர்.  அந்தத் தாளை வாங்கிவந்து என் கருவிப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். பெட்டியைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் கறுப்புப் பாதி என்னைப் பார்க்கும். இருபத்திரண்டு வருஷம் பார்த்தது.

அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை நான். தெரியாத பக்கம் எதுவும் இருக்கக் கூடாது, இருப்பதெல்லாம் தெரிகிற பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். தெருவில் அப்படி முடியாதே. அதற்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். விரல் முட்டியால் நான் இரண்டு தட்டு தட்டினால், உடனே அவள் வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கதவில் தட்டுவேன், பஸ் கம்பியில் தட்டுவேன், எதுவும் கிடைக்காவிட்டால் என் மண்டையிலேயே தட்டுவேன். ஐந்து வயதுக்குள் அவளுக்கு அது ஊறிவிட்டது. நான் தட்டாதபோதும் முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணை ஓரமாக விட்டுத்தான் எதிரே இருப்பவரைப் பார்ப்பாள். அதைப் பார்த்து யாரோ குருவி என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

என் மனைவிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அவள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். சீட்டில் டாக்டர் எழுதியதையே இரண்டு முறை கேட்டுச் சரிபார்க்கிற பிறவி. குருவிக்கு நாலு வயதிருக்கும்போது, முற்றத்தில் வலப்பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை எறிந்த பந்தை அவள் திரும்பாமலே பிடித்துவிட்டாள் என்று வந்து சொன்னாள். சத்தத்தை வைத்துப் பிடித்திருப்பாள் என்றேன். பந்துக்கு ஏது சத்தம் என்று கேட்டாள். காற்று என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் வீட்டில் பாதிச் சண்டைக்கு அந்த வழக்கம்தான் காரணம்.

குருவி படித்து முடித்து, பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் நெரிசலில் முன்னும் பின்னும் போய் டிக்கெட் கொடுத்தாள். பாதி உலகம் தெரியாத பெண் இதை எப்படிச் செய்கிறாள் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் அவளைக் காப்பாற்றுகிறது என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, டிப்போவில் கண்டக்டர்களில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து டிரைவர் பயிற்சி கொடுக்கப்போகிறார்கள், அதில் தானும் ஒருத்தி என்றாள்.  விண்ணப்பத்தில் பிறந்தபோது வந்த நோயை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அதனால் புதிதாக ஒரு மூளைப் படமும், பக்கப் பார்வைச் சோதனையும் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வகுப்பு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குள் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் டிப்போவுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அவள் இடம் எட்டாவது ஆளுக்கு. அடுத்த வகுப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் தோற்க வேண்டும் என்று என் மனத்தின் ஒரு மூலை ஆசைப்பட்டது. வலப்பக்கம் சைக்கிளில் ஒருத்தன் வருவான், அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்று படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், தோற்கவும் கூடாது என்றிருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை காலை அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சோதனை அறை சின்னது, இருட்டு. கவிழ்த்த அண்டாவின் உள்பக்கம்போல வெள்ளையாக ஒரு குழி. அதற்கு முன்னால் தாடையை வைக்க ஒரு தாங்கி. ஒரு கண்ணை மூடிக் கட்டிவிடுவார்கள். குழியின் நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கெங்கோ சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். மின்னியது தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். கண் நடுவைவிட்டு நகர்ந்தால் மெஷின் கண்டுபிடித்துவிடும். சோதனை செய்கிற அம்மாவுக்கு என் வயது இருக்கும். வாய் சும்மா இருக்காது. நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லி, குருவிக்குப் பின்னால் மர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் நிறுத்தினாள். "கண்ணு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குதும்மா. ஒரு தடவ இல்ல, வலப்பக்கமா ஓடிக்கிட்டே இருக்கு" என்றாள். குருவி மன்னிப்புக் கேட்டாள். இரண்டு கண்ணும் ஒருவழியாக முடிந்தன. வந்த தாள் முழுக்கக் கறுப்புத் திட்டுகள், வலப்பக்கம், இடப்பக்கம் என்று கணக்கே இல்லாமல். மேலே சிவப்பு எழுத்தில், இந்த முடிவை நம்ப முடியாது என்று மெஷினே அச்சடித்திருந்தது. இதை வைத்து டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார், மறு சோதனைக்கு மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றாள் அந்த அம்மா.

 குருவி கண் கட்டை அவிழ்த்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அந்த மூன்று வாரம் என்ற சொல் அவள் தோளில் இறங்கியதை நான் பார்த்தேன். ஆசைப்பட்டது நடந்துவிட்டதே, சந்தோஷமா என்று என்னையே கேட்டேன். இல்லை.  எழுந்து அவள் தலையில் கை வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த அம்மா தாளை மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அப்படியே நின்றாள். அவள் கண் என் முகத்தில் இல்லை, நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது.

"சார், எவ்வளவு நேரமா இதைத் தட்டிக்கிட்டிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை விரல் மடங்கி, முட்டி மரத்தின்மேல் இருந்தது. எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. இருட்டில், குருவிக்குப் பின்னால், நிமிஷத்துக்கு நாலு முறை நான் இரண்டு தட்டு தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தட்டின ஒவ்வொரு முறையும் என் மகள் கண்ணை வலப்பக்கம் திருப்பியிருக்கிறாள். அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தவள் குருவிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வேண்டுமென்று செய்தேனா? சத்தியமாக இல்லை. ஆனால் என் கைக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் இன்னொரு முறை வைக்கிறேன் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வெளிய வராந்தாக் கோடிக்குப் போங்க. தட்டணும்னா அங்க நிறைய சுவர் இருக்கு" என்றாள்.

போனேன். கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையை அவிழ்க்கவே பயமாக இருந்தது. பலகையை இரண்டு முறை அளக்காமல் ஒரு முறைகூட நான் அறுத்ததில்லை. மகளை மட்டும் மூன்று நாள் குழந்தையாக இருக்கும்போது ஒருமுறை அளந்ததோடு விட்டுவிட்டேன். மூன்று வயதில் ஒருதரம் சோதனைக்குக் கூட்டிப்போனோம். உட்காரமாட்டேன் என்று அழுதாள், திரும்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரிவரை படித்தாள். நேரே இருப்பதைப் படித்தால் பக்கவாட்டில் என்ன தெரியும் என்று யார் கேட்டார்கள்? நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

குருவி வெளியே வந்தபோது கையில் தாள் இருந்தது. என்னிடம் நீட்டினாள். இரண்டு வட்டமும் கிட்டத்தட்ட வெள்ளை. வலப்பக்கம் மேல் மூலையில் மட்டும் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்பு. தாள் தலைகீழாக இருக்கிறதோ என்று திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் நிதானமான மனிதர். முந்தின நாளே எடுத்திருந்த புதிய மூளைப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். பின்னால் இடப்பக்கம், எலுமிச்சை அளவுக்கு ஒரு கரும் பள்ளம். அந்தப் பள்ளம் நிஜம், அது ஆறவும் இல்லை, மறையவும் இல்லை என்றார். நான் கருவிப்பெட்டி மூடியிலிருந்து கிழித்து எடுத்துப் போயிருந்த பழைய தாளை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இதைப் போட்டவரு தப்பாச் சொல்லல. உங்களுக்கோ எனக்கோ அந்த இடத்துல அடிபட்டா வலப்பக்கம் போனது போனதுதான். பிறந்த குழந்தைக்குக் கண்ணுலேருந்து மூளைக்குப் போற பாதையெல்லாம் இன்னும் போட்டு முடிஞ்சிருக்காது. சேர வேண்டிய இடம் இல்லன்னு ஆனதும், நரம்பெல்லாம் பக்கத்துல நல்லா இருக்கிற இடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கு. எல்லாக் குழந்தைக்கும் இந்த அளவுக்கு ஆகாது. உங்க பொண்ணுக்கு ஆகியிருக்கு."

பிறகு எனக்குப் புரிவதற்காக, ரோடு அடைத்திருந்தால் வேறு தெரு வழியாக வண்டி போவதைச் சொன்னார். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மரத்தில் கணு இருக்கிற இடத்தைப் பார்த்திருக்கிறேன். கணு அப்படியேதான் இருக்கும். நார் அதன்மேல் முட்டி நிற்காது. வளைந்து, அதை ஒட்டிப் போய், அந்தப் பக்கம் மறுபடி நேராகிவிடும். மரம் இளசாக இருக்கும்போதே அந்த வேலை நடந்து முடிந்துவிடும். பலகையாக என் கைக்கு வரும்போது நான் பார்ப்பது அந்த வளைவை மட்டும்தான். வாழ்நாள் முழுக்க அதைத் தடவிப் பார்த்தவனுக்கு, வீட்டில் அதே வேலை நடந்திருப்பது தெரியாமல் போய்விட்டது.

பார்வையில் மேல் மூலையில் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டை வண்டி ஓட்டத் தடையில்லை, தலை வலப்பக்கம் திரும்பியே இருப்பதும் கண்ணால் வந்தது இல்லை, பழக்கம்தான் என்று சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார். பழக்கம் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். அந்த அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள் போல.

வெளியே படிக்கட்டில் வைத்து எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் குருவிமேல் வந்தது. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? தெரியுதா இல்லையான்னு பாக்க, வலப்பக்கம் நீங்க எதையுமே வைக்கலையே."

 அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், முதல் மாதமே, வலப்பக்க இருக்கைகளிலிருந்து கைகள் நீளுவது திரும்பாமலே தெரிவதை உணர்ந்ததாகவும், அதை அன்று ராத்திரி சாப்பாட்டில் என்னிடம் சொன்னதாகவும் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். மேசையில் இரண்டு தட்டு தட்டி, கவனமாக இரு என்றீர்கள் என்றாள். கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அதோடு சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. என் பிள்ளைக்கு உலகம் முழுசாகக் கிடைத்திருக்கிறது. நான் கொடுக்காமலே, எனக்குத் தெரியாமலே கிடைத்திருக்கிறது.

அவள் அங்கிருந்தே டிப்போவுக்கு ஓடினாள். நான் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பந்துக்குக் காத்துல சத்தம் வரும்னீங்களே" என்றாள். பதினெட்டு வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

நான் சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்தேன். இழுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவர்ப்பக்க ஓரத்தை நான் இழைக்கவே இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று, ரம்பம் போன தடத்தோடு, சிலாம்பு நீட்டிக்கொண்டு, அப்படியே விட்டிருந்தேன். மூன்று பக்கம் கண்ணாடி மாதிரி, ஒரு பக்கம் கரடு. வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கோடு போட்டு ஓரத்தைச் சீவலாம் என்றால் பென்சிலைக் காணோம். சட்டைப் பை, கருவிப்பெட்டி, மேசைக்கு அடியில் என்று வீட்டைத் தலைகீழாக்கினேன். மனைவியைக் கேட்டால், தெரியாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் கோடு போடாமலே, கண் மதிப்பில் இழைத்து முடித்தேன். பட்டறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து குருவியின் இடத்துக்கு வலப்பக்கம் போட்டேன்.

ஆறு மணிக்கு வந்தாள். தாளை மூன்றரைக்கே கொடுத்துவிட்டாளாம், திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். மேசை நடு அறையில் நிற்பதைப் பார்த்தாள். ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள். தன் இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த அம்மாவிடம் டிப்போ கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். முகத்தை நேராக வைத்துக்கொள்ள முயல்வது தெரிந்தது. நான் மெதுவாகப் போய் அவளுக்கு வலப்பக்கம் நின்றேன். மூச்சுச் சத்தம்கூட வராமல் நின்றேன்.

"உக்காருங்கப்பா" என்றாள், அம்மாவைப் பார்த்தபடியே. "நின்னீங்கன்னா உங்க தலை மட்டும் அந்த ஓட்டைக்குள்ள போயிடுது."

உட்கார்ந்தேன். என் விரல் தானாக மடங்கி மேசைமேல் போனது. தட்டாமல் பிடித்து வைத்தேன்.

குருவி தலையைத் திருப்பவில்லை. கண்ணையும் அசைக்கவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னாள்:

"காதுல பென்சில் இருக்குப்பா."